கேட்பாரற்ற அடுக்கு

சாதி என்ற கட்டத்தைக் குடிப்பதிவேட்டிலிருந்து நீக்கிய நாளில் மாநிலமெங்கும் மேடை போட்டார்கள். எட்டுக் கோடிப் பேரின் பெயருக்கு எதிரே நின்ற அந்த ஒற்றைச் சொல், ஒரே கட்டளையில், பதினோரு நிமிடங்களில் அழிந்தது. நகல்கள் அழிந்தன. நகல்களின் நகல்களும் அழிந்தன. அதை மீண்டும் எழுதத் துணிபவருக்குச் சிறை என்று சட்டம் செய்தார்கள். அன்று பள்ளி மைதானத்தில் உள்ளங்கை சிவக்கத் தட்டிய பிள்ளைகளில் அருள்விழியும் ஒருத்தி. பதினெட்டு ஆண்டுகள் கழிந்து, திருச்சிக்கு வெளியே அந்தப் பதிவேடு இயங்கும் கட்டடத்தில், அதைப் பேணும் தரவுத்தள நிர்வாகிகள் இருவரில் ஒருத்தியாக அவள் இருந்தாள்.

பேணுவது என்றால் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. வட்டில் இடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். காலையில் எடுத்த பேக்கப் திரும்ப வருகிறதா என்று சோதிக்க வேண்டும். பதிவுகளைக் கேட்டு வரும் வினவல்களில் எது இழுக்கிறது, எது எதைத் தடுத்து நிற்கிறது என்று பார்த்து அவிழ்க்க வேண்டும். மற்றதையெல்லாம் சீரமைப்பி பார்த்துக்கொள்ளும். எந்தப் பதிவை எந்த அடுக்கில் வைத்தால் விரைவாக எடுக்கலாம் என்று தானே கற்று, தானே மாற்றி வைக்கும் மென்பொருள் அது. சுவரில் இருந்த பெரிய திரை நாள் முழுவதும் ஒரே எண்ணைக் காட்டும். சராசரிப் பதில் நேரம்: 0.2 நொடி. அந்த எண் பச்சை நிறத்தில் இருக்கும் வரை அந்தக் கட்டடத்தில் யாருக்கும் கவலை கிடையாது.

ஒரு வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு, இடது முழங்கையில் பஞ்சு வைத்து ஒட்டிய பிளாஸ்திரியோடு, ஒரு மனிதர் அந்தத் திரைக்கு முன்னால் வந்து நின்றார். ஐம்பது வயதிருக்கும். காக்கிக் கால்சட்டை. கையில் ஒரு பிளாஸ்டிக் உறை.

"சர்வர் ரூமு இதானம்மா?"

"பொதுமக்கள் இங்க வரக் கூடாதுங்க. உங்களை யார் உள்ள விட்டது?"

"செக்யூரிட்டி தம்பிதான். முந்தாநேத்துலேர்ந்து வாசல்ல உக்காந்திருக்கேன். அவருக்கே சங்கடமாப் போச்சு."

"புகார்னா போர்ட்டல்ல போடணும்."

"போட்டேன். நம்பரு அடிச்சா 'உங்கள் விவரம் வருகிறது'ன்னு ஒரு சக்கரம் சுத்துது. அப்புறம் 'பிறகு முயலவும்'னு சொல்லுது. ஒன்றரை வருஷமாப் பிறகு முயன்றுக்கிட்டேதான் இருக்கேன்." அவர் உறையிலிருந்து தாள்களை எடுத்து மேசைமேல் வைத்தார். "இருதயராஜ். லேத் பட்டறை. ரெண்டு கிட்னியும் போயிருச்சு. மாற்றுச் சிறுநீரகப் பட்டியல்ல நான் ஒண்ணாம் நம்பரு. எனக்குப் பின்னாடி இருந்தவங்க பதினோரு பேரு வாங்கிட்டுப் போயிட்டாங்க."

தாள்களில் பதினோரு தேதிகள் இருந்தன. பதினொன்றுக்கும் எதிரே ஒரே குறிப்பு: பதில் இல்லை.

"கூப்பிட்டாத்தானே பதில் சொல்ல முடியும்? எனக்கு ஒரு போனும் வரலை. ஆஸ்பத்திரியில கேட்டா, உங்களைக் கூப்பிடலை, சர்வரைக் கூப்பிட்டோம், சர்வர் பேசலைங்கிறாங்க. அதான் சர்வரையே நேர்ல பாத்துக் கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன்." அவர் சிரிக்க முயன்று விட்டுவிட்டார். "இன்னும் ரெண்டு மாசம் போனா ஆபரேஷனுக்கு உடம்பு தாங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாரும்மா."

அருள்விழி அவரை உட்காரச் சொல்லிவிட்டு அவருடைய எண்ணைத் தட்டினாள். காத்திருந்தாள். தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். நாற்பத்தொரு நொடிகள் கழித்து அவருடைய பெயரும், இரத்த வகையும், படமும் திரையில் வந்தன. தன் எண்ணைத் தட்டினாள். விரல் விசையை விட்டு எழுவதற்குள் அவள் முகம் வந்து நின்றது.

மருத்துவமனையின் ஏற்பாடு அவளுக்குத் தெரியும். ஓர் உறுப்பு கிடைத்ததும் ஒதுக்கீட்டு நிரல், வரிசையில் முதலில் இருப்பவரின் பதிவைக் கேட்கும். ஐந்து நொடி காத்திருக்கும். பதிவு வராவிட்டால் அடுத்தவரிடம் போய்விடும். சிறுநீரகம் பனிக்கட்டியில் காத்திருக்கிறது, மனிதருக்காக நிற்க நேரமில்லை என்று எழுதப்பட்ட நிரல் அது.

அவள் பாடப்புத்தக வரிசைப்படி தேடினாள். வட்டு நிறையவில்லை. இணைப்புகள் நெரியவில்லை. பூட்டு எதுவும் விழுந்து கிடக்கவில்லை. அட்டவணை உடையவில்லை. எல்லாம் நலம். எல்லாமே நலமாக இருக்கும்போது ஒருவருக்கு மட்டும் நாற்பத்தொரு நொடி ஆகிறது என்றால், அது கோளாறு ஆகாது, ஏற்பாடு.

"அண்ணே, உங்க தெருவுல இருக்கிறவங்க நம்பர் ரெண்டு மூணு சொல்ல முடியுமா?"

இருதயராஜ் தன் கைப்பேசியைப் பார்த்து மூன்று எண்களைச் சொன்னார். முப்பத்தெட்டு நொடி. நாற்பத்தைந்து. நாற்பது. பிறகு, அவர் வேலை பார்த்த பட்டறையின் முதலாளி எண்ணைக் கேட்டாள். 0.1.

"முதலாளி வீடு எங்க இருக்கு?"

"அதே ஊர்தாம்மா. ரோட்டுக்கு அந்தாண்ட." அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். மேலே எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஒரே ஊர். ஒரே அஞ்சல் எண். ஒரே மின்கம்பத்திலிருந்து மின்சாரம். நடுவில் ஒரு சாலை. சட்டம் போட்டு அழித்த ஒரு கோட்டை, சர்வருக்குள் யாரோ மறுபடி போட்டிருக்கிறார்கள். யார் போட்டது?

சீரமைப்பி எந்தப் பதிவை எங்கே வைத்திருக்கிறது என்று காட்டும் பக்கத்தைத் திறந்தாள். அனுமதி இல்லை என்றது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் அந்தப் பக்கத்துக்குப் பூட்டுப் போட்டவர் பெயரும் கீழேயே இருந்தது: குணசீலன்.

குணசீலன் அவளுடைய மூத்த சகா. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம்தான் உட்கார்ந்திருந்தார். ஐம்பத்தேழு வயது, மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, அளந்து பேசும் பேச்சு. ஏழு ஆண்டு ஒன்றாக வேலை பார்த்தும் அவர் வீட்டு விசேஷம் எதற்கும் அவளை அழைத்ததில்லை.

"சார், அடுக்குப் பக்கத்தை எனக்குக் கொஞ்சம் திறந்து விடுங்களேன்."

"எதுக்கு?"

"ஒருத்தர் பதிவு நாப்பது செகண்ட் எடுக்குது."

"ரீஸ்டார்ட் பண்ணிப் பாரு."

"ஒரு ஆளுக்காக ரீஸ்டார்ட்டா? சராசரி பச்சையா இருக்கு சார். கோளாறு சர்வர்ல இல்ல."

"பச்சையா இருந்தா விட்டுடு." அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஆனால் தட்டச்சுச் செய்துகொண்டிருந்த கை நின்றிருந்தது.

ஐயம் ஒருவரைப் பிடித்துக்கொண்டால் அவர் எதிராளியின் மௌனத்தைக்கூட வாக்குமூலமாகப் படிப்பார். அருள்விழியும் அப்படித்தான் படித்தாள். வெள்ளைச் சட்டை, ஒட்டாத பழக்கம், இரண்டு ஆண்டுப் பூட்டு என எல்லாம் ஒரே திசையில் விரல் நீட்டின. அடுக்குப் பக்கம் பூட்டியிருந்தாலும், யார் யாரை எப்போது வினவினார்கள் என்று காட்டும் லாக் பதிவு அவள் கைக்கு எட்டும். குணசீலன் என்ற பெயரை அதில் தேடினாள்.

திங்கட்கிழமைதோறும் காலை ஒன்பது மணிக்கு, இரண்டு ஆண்டுகளாக ஒரு வாரம்கூடத் தவறாமல், அவர் ஒரே பட்டியலை வினவியிருந்தார்; புதிதாகச் சேர்ந்தவர்களோடு இப்போது அதில் இருநூற்றுப் பதினான்கு பேர். பதிவேட்டில் யாரும் யாரையும் வினவலாம்; வினவுகிறவர் காரணம் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். திருமணம், வாடகை, வேலை, வழக்கு, மற்றவை என்று ஐந்து உண்டு. இருநூற்றுப் பதினான்கு பேருக்கும் அவர் தேர்ந்திருந்த காரணம் திருமணம். அதில் எண்பத்தாறு வயது மூதாட்டி ஒருவர் இருந்தார். பிறந்து இரண்டு மாதமான குழந்தை ஒன்று இருந்தது.

யார் இவர்கள்? இந்த மனிதர் எதற்காக வாரந்தோறும் இவர்களைத் தலை எண்ணுகிறார்?

தாளை அச்செடுத்துக்கொண்டு போய் அவர் மேசைமேல் வைத்தாள். கதவைச் சாத்தினாள்.

"இதுக்குப் பதில் சொல்லிட்டு அப்புறம் ரீஸ்டார்ட்டைப் பத்திப் பேசுங்க சார். ரெண்டு மாசக் கொழந்தைக்கு வரன் பாக்குறீங்களா?"

குணசீலன் தாளைப் படித்தார். நிதானமாக, முதல் பெயரிலிருந்து கடைசிப் பெயர் வரை படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"உக்காரு."

"நிக்கிறேன்."

"அது என் தெரு."

அவளுக்குப் புரியவில்லை.

"நீ வேலைக்குச் சேந்த முதல் வாரம் ஒண்ணு கேட்டே, ஞாபகம் இருக்கா? 'சார் நீங்க மன்னார்குடியில எந்தப் பக்கம்?'னு. தெப்பக்குளத்துப் பக்கம்னு சொன்னேன். பொய். தெப்பக்குளத்துல எங்காளுங்க கால் நனைச்சதில்ல." அவர் தாளின் நடுவில் விரல் வைத்தார். "இது எங்கம்மா. எண்பத்தாறு வயசு. இது என் தங்கச்சி பேத்தி."

அருள்விழி உட்கார்ந்தாள்.

"யார் போட்டது சார் இந்தக் கோடு? நீங்க இல்லைன்னா வேற யாரு?"

"யாரும் போடலை. அதுதான் சங்கதியே. சீரமைப்பிக்குச் சாதின்னா என்னன்னே தெரியாது. அதுக்கு ஒரே ஒரு உத்தரவுதான்: அடிக்கடி கேக்குற பதிவை மேல வை, கேக்காததைக் கீழ தள்ளு. நீயே சொல்லு, நம்ம சர்வருக்கு வர்ற வினவல்ல பாதிக்கு மேல என்ன காரணம்?"

"திருமணம்."

"பொண்ணு வீடு மாப்பிள்ளையை விசாரிக்குது. மாப்பிள்ளை வீடு பொண்ணை விசாரிக்குது. வீட்டுக்காரன் குடித்தனக்காரனை விசாரிக்கிறான். யாரை விசாரிப்பாங்க? கொடுக்கலாம்னு நினைக்கிறவங்களை. கொடுக்கவே போறதில்லைன்னா விசாரிப்பானேன்? பதினெட்டு வருஷமாக் கட்டம் இல்ல. ஆனா கேள்வி எல்லாம் பழைய தெருவுலயேதான் நடமாடுது. அது அந்தக் காலடியைப் பாத்துக் கத்துக்கிச்சு. ஒருத்தரைக் கேக்கலைன்னா அவர் பக்கத்து வீட்டுக்காரரையும் கேக்க மாட்டாங்க, அதே பள்ளிக்கூடத்துல படிச்சவங்களையும் கேக்க மாட்டாங்க, அதே இடுகாட்டுல புதைச்சவங்க பிள்ளைகளையும் கேக்க மாட்டாங்கன்னு அதுவே முன்கூட்டிக் கணிச்சு, எல்லாரையும் சேத்துக் கடைசி அடுக்குக்கு இறக்கிடுச்சு. நாப்பத்தொரு லட்சம் பேர். அந்த அடுக்குக்கு அது வச்சிருக்கிற பேரு 'குறை வினவல்'. நான் கேட்பாரற்ற அடுக்குன்னு சொல்லுவேன்."

"அப்ப சராசரி ஏறியிருக்கணுமே."

"கேட்டாத்தானே சராசரியில சேரும்."

அருள்விழி சுவர்த் திரையைத் திரும்பிப் பார்த்தாள். ஏழு ஆண்டுகளாக ஒவ்வொரு காலையும் அந்தப் பச்சை எண்ணைப் பார்த்து நிம்மதியாகத் தேநீர் குடித்திருக்கிறாள். எவருடைய துன்பம் கணக்கிலேயே சேராதோ, அவரைக் கீழே வைத்து எழுப்பிய நிம்மதி அது. புகாரும் வரவில்லை. எப்படி வரும்? புகார்ப் பக்கம் திறக்க முதலில் அவர்கள் பதிவு வர வேண்டும்.

"ரெண்டு வருஷமாத் தெரியும் உங்களுக்கு," என்றாள். "தெரிஞ்சு பூட்டுப் போட்டிருக்கீங்க."

"திறந்தா என்ன கிடைக்கும் தெரியுமா? நாப்பத்தொரு லட்சம் பேரோட பட்டியல். பேர், தெரு, போன் நம்பர். அது என்ன பட்டியல்னு பாக்குற எவனுக்கும் அரை நிமிஷத்துல புரியும். சட்டம் போட்டு அழிச்ச கட்டத்தை நாமளே துல்லியமா எழுதி வெளில கொடுத்த மாதிரி ஆகும். அநியாயத்தை நிரூபிக்கணும்னா அந்தப் பட்டியலைக் காட்டணும். காட்டினா அதைவிடப் பெரிய அநியாயம். நான் என்ன பண்ணட்டும்?"

"உங்க தெருவை மட்டும் காப்பாத்திக்கிட்டீங்க."

"ஆமா," என்றார் குணசீலன். அதற்கு மேல் அவர் தமக்காக வாதாடவில்லை. கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, "கல்யாணம்னு கேட்டா சீரமைப்பி அதிக மதிப்பு கொடுக்கும். ஒரு வீடு கேட்டா இன்னும் நாலு வீடு கேக்கும்னு அதுக்குத் தெரியும். மற்றவைன்னு போட்டா சீண்டாது. அதனால திங்கக்கிழமை திங்கக்கிழமை எங்கம்மாவுக்கு வரன் விசாரிச்சுக்கிட்டிருக்கேன்," என்றார்.

வெளியே, கண்ணாடிக்கு அப்பால், இருதயராஜ் நாற்காலியில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தார். பிளாஸ்திரியின் மேல் சிறிதாக இரத்தம் கசிந்திருந்தது.

"பட்டியல் வேண்டாம் சார்," என்றாள் அருள்விழி. "பட்டியல் எடுத்தாத்தானே யார் யாருன்னு தெரியும்? எடுக்கவே வேண்டாம். எட்டுக் கோடிப் பேரையும் கேப்போம். அகர வரிசையில, ஒருத்தரையும் விடாம. திருமணம்னே கேப்போம். எல்லாரையும் ஒரே மாதிரி கேட்டா கீழ தள்ள யாரு மிச்சம் இருப்பா?"

"லோடு தாங்கும். சராசரிதான் தாங்காது. மேல இருக்கிறவங்களுக்கு ரெண்டு மடங்கு, மூணு மடங்கு ஆகும். யார் ஓட்டுறதுன்னு லாக்கைப் பாப்பாங்க. லாக்கைப் பாத்தா என் திங்கக்கிழமைகளையும் பாப்பாங்க."

"என் பேர்ல ஓட்டுறேன்."

"உன் பேருக்கு அந்த அனுமதி இல்லம்மா. எனக்குத்தான் இருக்கு."

அவர் எழுந்து சன்னல் அருகே போனார். கட்டட வாசலில் நின்ற வேப்ப மரத்தை வெகுநேரம் பார்த்தார். முப்பத்தோரு ஆண்டு வேலையில் அவர் கட்டிக் காத்ததெல்லாம், 'தெப்பக்குளத்துப் பக்கம்' என்ற அந்த ஒரு வாய்ச்சொல்தான். அதை இழந்தால் நாளை மதியம் உணவுக் கூடத்தில் தம் பக்கத்து நாற்காலியில் யார் உட்காருவார்கள், யார் தட்டை எடுத்துக்கொண்டு நகர்வார்கள் என்று அவருக்குத் தெரியும். அந்தக் கணத்தில் அவள் சொல்லக்கூடிய எந்தச் சொல்லும் அவளுக்கு மலிவாக இருந்திருக்கும், அவருக்குத்தான் விலையாக இருந்திருக்கும்.

"காலையில எடுத்த பேக்கப் சரியா இருக்கா?" என்று கேட்டார்.

"சோதிச்சுட்டேன்."

அவர் வந்து அமர்ந்து கடவுச்சொல்லைத் தட்டினார்.

பதினொன்றரை மணிக்கு வினவல் ஓடத் தொடங்கியது. எட்டுக் கோடிப் பேருக்கும் ஒரே பகலில் திருமண விசாரணை நடந்தது. மில்காரரும் மலம் அள்ளியவரின் மகனும் அடுத்தடுத்து விசாரிக்கப்பட்டார்கள். குருக்களை விசாரித்த அதே மூச்சில் பறையடிப்பவரை விசாரித்தது சர்வர். மேடை போட்டுச் செய்ய முடியாத ஒன்றை, ஒரு கட்டளை, ஓசையில்லாமல், வெட்கமில்லாமல் செய்துகொண்டிருந்தது. பகல் ஒன்றரை மணிக்குச் சுவர்த் திரையின் எண் 0.6 ஆகிச் சிவந்தது. உடனே தொலைபேசி அடித்தது. இயக்குநர்.

"என்னய்யா ஆச்சு? ஒரு மணி நேரமா முப்பது போன். பொண்ணு விவரம் உடனே வரமாட்டேங்குதாம். யார் ஓட்டுறது அதை?"

"நான்தான் ஓட்டுறேன் சார்," என்றார் குணசீலன்.

"நிறுத்துங்க."

"முடிய ரெண்டரை மணி நேரம் ஆகும் சார். முடிஞ்சதும் நேர்ல வந்து என்ன ஏதுன்னு சொல்றேன். லாக்கையும் கொண்டு வர்றேன்." ரிசீவரை வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டார்.

நான்கு மணிக்கு வினவல் முடிந்தது. அருள்விழி இருதயராஜின் எண்ணைத் தட்டினாள். 0.3. அவளுக்குக் கண் கலங்கியது. உடனே மாற்றுச் சிறுநீரகப் பட்டியலைத் திறந்தாள். ஒன்றாம் எண்ணில் அவர் இல்லை. புதுப்பித்துப் பார்த்தாள். மூன்று முறை பார்த்தாள்.

இருதயராஜ் முப்பத்தேழாவது பெயராக இருந்தார்.

"சார், இங்க என்னமோ தப்பா இருக்கு."

குணசீலன் குனிந்து பார்த்தார்.

"தப்பு இல்ல. ஒதுக்கீட்டு நிரல் அஞ்சு நொடிதான் நிக்கும். ஆனா இந்தப் பட்டியல் ஒரு நிமிஷம் நிக்கும். இவர் நாப்பத்தொரு நொடியில வந்தாரு, அதனால பட்டியல்ல தெரிஞ்சாரு. ஒரு நிமிஷத்துக்கு மேல ஆனவங்க தெரியவே இல்ல. இவருக்கு முன்னாடி பதிஞ்சவங்க முப்பத்தாறு பேரு."

அவரைவிடவும் கீழே இருந்தவர்கள். தாங்கள் வரிசையில் நிற்கிறோமா என்பதே தெரியாமல் நின்றவர்கள்.

இருதயராஜிடம் அதை அவள்தான் சொல்ல வேண்டியிருந்தது. நாற்காலிக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து சொன்னாள். அவர் ஒவ்வொரு சொல்லாகக் கேட்டார். பிளாஸ்டிக் உறையை மடித்தார், விரித்தார், மறுபடி மடித்தார்.

"ஒண்ணாம் நம்பருன்னு பட்டறை பூராச் சொல்லி வச்சிருந்தேன்," என்றார். "சம்சாரம்கூட, சும்மாவாவது நம்ம பேரு முதல்ல இருக்கேன்னு சொல்லும்."

"மன்னிச்சிருங்கண்ணே."

"நீங்க என்ன பண்ணுவீங்க." குரல் உடைந்து, பிறகு சேர்ந்தது. "முன்னாடி நிக்கிறவங்கள்ல முதல் ஆளு யாரும்மா?"

சொல்லக் கூடாது என்பது விதி. சொன்னாள்.

"பூவாயி. பெரம்பலூர்ப் பக்கம். ஆறரை வருஷமாக் காத்திருக்காங்க."

"ஆறரை வருஷம்," என்றார் அவர். அந்த ஆறரை வருடத்தின் ஒவ்வொரு டயாலிசிஸ் நாளையும் தம் உடம்பால் அறிந்தவர் அவர் ஒருவர்தான் அந்த அறையில். "உசுரோட இருக்குதா அது?"

பதிவேடு இருக்கிறார் என்றுதான் சொன்னது. யாரும் கேட்காத ஒருவர் இறந்தால் அதையும் யாரும் வந்து சொல்வதில்லை.

"போன் போட்டுப் பாருங்கம்மா. நான் இருக்கேன்."

அவள் எண்ணை அழுத்தி ஒலிபெருக்கியில் வைத்தாள். குணசீலனும் வந்து கதவருகே நின்றார். மணி அடித்தது. நெடுநேரம் அடித்தது. ஏழாவது மணியில் யாரோ எடுத்தார்கள். பின்னணியில் கோழிகளின் சத்தம்.

"யாரு?" பெண் குரல். மூச்சு வாங்கியது.

"வணக்கம்மா. குடிப்பதிவு நடுவத்துலேர்ந்து பேசுறேன். பூவாயிங்கிறவங்க இருக்காங்களா?"

எதிர்முனையில் கதவு சாத்தும் ஓசை கேட்டது; கோழிச் சத்தம் அடங்கியது. குரல் மறுபடி வந்தபோது தாழ்ந்து, எச்சரிக்கையாக வந்தது.

"நான்தான். எதுக்கும்மா விசாரிக்கிறீங்க? நாங்க ஒரு தப்பும் பண்ணலையே."